ஆண்டை மகன் வந்திருந்தார்

14.11.1976, நார்த்மீட்

எங்கள் பழைய ஆண்டையின் மகன் இன்று வீட்டுக்கு வந்தார். இங்கே சிட்னியில்தான் படிக்கிறாராம். பார்த்ததும் எழுந்து நின்றேன்.

"உக்காருங்கப்பா, இது நம்ம வீடு," என்று, என்னை இந்த நாட்டுக்கு அழைத்துவந்த என் மகன் அதட்டினான். உட்கார்ந்தேன்.

பண்ணையாட்களைச் சட்டம் விடுவித்துவிட்டதே, ஊரில் என் தம்பி எப்படி இருக்கிறான் என்று கேட்டேன்.

"விடுதலைதான். வேலைக்கு வராதவனுக்குக் குடிசை எதுக்குன்னு அப்பா பிரிச்சுட்டாரு. வாய்க்கால் கரையில கெடக்கான்."

"திருப்பிக் கட்டிக்க விடச் சொல்லுங்க, சின்னாண்டை."

"சொல்லிப் பாக்குறேன்," என்று காப்பியைக் குடித்தார். நான் மறுபடி நின்றுகொண்டிருந்தேன். மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

தம்பி பெயர் மாரிமுத்து. இங்கே வந்துதான் எழுத்துப் படித்தேன்; அவன் பெயரை இப்போதுதான் முதல்முறையாக எழுதுகிறேன். நன்றாக வந்திருக்கிறது, சந்தோஷம். ஊரில் இது அடைமழைக் காலம். அந்த வாய்க்கால் கரையில் எப்படிப் படுத்திருக்கிறானோ.