ஆவணியில் நீ வர வேண்டாம்

அகரம்,
ஆனி மாதம், வெள்ளிக்கிழமை

அன்பு மகன் சிவபிரகாஷுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். தோஹா வெயிலில் உனக்கும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று நேற்றுத்தான் கோட்டை மாரியம்மன் முன்னால் நின்று வேண்டிக்கொண்டு வந்தேன். தினமும் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் நீளமாக எதையாவது ஆரம்பித்தால் சரிம்மா, பாப்போம்மா, அப்பா மாத்திரை போட்டாரா என்று பேச்சைத் திருப்பிவிடுவாய். தாளில் எழுதினால் குறுக்கே பேச முடியாது. உன் அறையில் கூடத் தங்கியிருக்கும் நியாஸ், தங்கை நிக்காஹ் முடிந்து திங்கட்கிழமை பேகம்பூரிலிருந்து கிளம்புகிறான். உனக்குக் கொடுத்தனுப்ப என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு வந்தான். பருப்புப்பொடியோடும் மாவடுவோடும் இதையும் அவன் கையில் கொடுக்கிறேன்.

வயலில் சம்பங்கி நன்றாக எடுக்கிறது. அப்பா விடியுமுன்னே மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வந்து தண்ணீர் பாய்ச்சப் போய்விடுகிறார். நீ ஆறாம் வகுப்பு படிக்கும்போது பாத்திக்குப் பாத்தி ஒரு நாட்டின் பெயரை வைத்துக்கொண்டு, பிரான்ஸுக்குப் பாஞ்சிருச்சுப்பா, ஜெர்மனிக்குத் திருப்பட்டுமா என்று மண்வெட்டியோடு நிற்பாயே, அந்தப் பெயர்களை அவர் இன்னும் விடவில்லை. இத்தாலிக்குத் தண்ணி ஏறல, போர்ச்சுகல்ல களை மண்டிப் போச்சு என்றுதான் வேலைக்கு வரும் ஆட்களிடமும் சொல்கிறார், அவர்களும் தப்பாமல் அந்தந்தப் பாத்திக்குப் போய்விடுகிறார்கள். உங்க மகன் வச்ச பேராக்கும் என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நியாஸுக்கு டீ கொடுத்துக்கொண்டே, ஆவணியில நம்ம தீபா பிள்ளை தமிழ்மதி காதுகுத்துக்கு சிவாவோட நீயும் வருவியாப்பு என்று சும்மாதான் கேட்டேன். அவன் முகம் மாறிவிட்டது. ஒங்ககிட்ட அவன் ஒண்ணுமே சொல்லலையாம்மா என்றான். அப்புறம்தான் எல்லாம் வெளியே வந்தது. அதே ஆவணியில் நீங்கள் இரண்டு பேரும் ஐரோப்பா சுற்றிவரத் திட்டம் போட்டிருந்ததும், ரோமில் இறங்கி ரயிலிலேயே சுவிட்சர்லாந்து, பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் என்று போய்க் கடைசியில் லிஸ்பனில் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்புவதாக இருந்ததும், ஒரு தடவை இல்லை என்று திருப்பிவிட்ட விசா இந்தத் தடவை வந்துவிட்டதும். ஏஜெண்ட் யாரையும் தேடாமல் நீயே உட்கார்ந்து படித்துப் பார்த்து எல்லாம் எழுதினாயாம், என் பேப்பரையும் அவந்தாம்மா எழுதினான் என்று நியாஸ் சொன்னபோது எனக்கு எப்படி இருந்தது தெரியுமா. ஐடிஐ படித்துவிட்டு ஏசி மெக்கானிக்காகப் போன என் பிள்ளை இத்தனை நாட்டுக்கும் தானே வழி எடுத்து வைத்திருக்கிறான் என்று உச்சி குளிர்ந்துவிட்டது. அதோடு சேர்த்து இன்னொன்றையும் சொன்னான். காதுகுத்துக்குத் தேதி குறித்துவிட்டார்கள் என்று நான் போனில் சொன்ன அன்றைக்கே, மாமன் மடி இல்லாம எப்படிடா காது குத்துவாங்க, ஐரோப்பா எங்க ஓடிப் போகுது, நீ மட்டும் போயிட்டு வா என்று அவனிடம் முடித்துவிட்டாயாம். எங்களிடம் மூச்சு விடவில்லை. லீவு சாங்ஷன் ஆயிருச்சும்மா, வாரேன் என்று மட்டும் சிரித்துக்கொண்டே சொன்னாய். நியாஸ் நல்ல பிள்ளை. புக்கிங்ல இருந்து நான் இன்னும் அவன் பேரை எடுக்கலைம்மா, வேற யாரையும் சேக்கவும் இல்ல என்றான்.

நீ ஊருக்கு வந்த லீவு எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஒரு தடவை வீட்டுக்குத் தளம் போட வந்தாய், ஒரு தடவை தங்கை தீபா கல்யாணத்துக்கு, அவள் வளைகாப்புக்கு, அப்பா கண் ஆபரேஷனுக்கு. வந்து நின்ற ஒரு லீவிலாவது நீ செத்த நேரம் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அதனால் தேதியைத்தான் மாற்ற வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். அப்பா தயங்கினார், சம்பந்தி வீட்ல லீவு கிடைக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சு போச்சுல்ல என்றார். எனக்கு அது ஒப்பவில்லை. பொய் சொல்லி மறைக்க நீ என்ன குற்றமா செய்தாய்? மறுநாளே பஸ் ஏறி ரெட்டியார்சத்திரம் போய் உன் தங்கை மாமியார் வீட்டில் உள்ளதை உள்ளபடியே சொன்னேன். சம்பந்தியம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. சொந்தக்காரகளுக்கெல்லாம் சொல்லியாச்சு, ஊர் சுத்தப் போறதுக்காகவா தேதிய மாத்துவாக, ஒண்ணுவிட்ட மாமன் யாரையாவது உக்கார வச்சுக் குத்திக்கிறோம் என்றார். ஆமா, ஊர் சுத்தத்தான் போறான், எங்க குடும்பத்துல சுத்திப் பாக்கணும்னு கெளம்புன மொத ஆளு அவந்தான், அதச் சொல்றதுக்கு எனக்கு என்ன வெக்கம் என்றேன்.

தீபாவைத்தான் நீ பார்த்திருக்க வேண்டும். கல்யாணமாகிப் போன நாளிலிருந்து அந்த வீட்டில் எதிர்த்து ஒரு சொல் பேசாதவள், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, என் பிள்ளைக்கு மாமன் ஒருத்தன்தான் அத்தை, எங்கண்ணன் மடியில இல்லாம வேற யாரு மடியிலயும் உக்கார வைக்க மாட்டேன், அவனும் போயிட்டுத்தான் வருவான் என்றாள். மாப்பிள்ளை அழகுராஜா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் சம்பந்திதான் வாயைத் திறந்தார். எந்தெந்த ஊரும்மா என்று கேட்டார். நியாஸ் சொன்னதை நான் அப்படியே ஒப்பித்தேன். அம்புட்டும் ரயில்லயேவா என்று இரண்டு தடவை கேட்டார். மூணு வயசு முடிய மாசி வரைக்கும் இருக்குல்ல, தையில வச்சுக்குவோம், ஐரோப்பா பாத்துட்டு வந்த மாமன்னு நாமளும் நாலு பேருகிட்டச் சொல்லிக்கலாம்ல என்று சொல்லிவிட்டார். சம்பந்தியம்மா மட்டும் என்னை வழியனுப்ப வாசலுக்கு வரவில்லை. அது வருத்தம்தான், தை வருவதற்குள் நானே நாலு நடை போய்ச் சரிசெய்துகொள்கிறேன், அந்தக் கவலை உனக்கு வேண்டாம்.

ஆகவே அப்பு, நியாஸ் வந்து இறங்கியதும் அவனோடு உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து திட்டத்தைப் போடு. தைக்கு அடுத்த வருஷ லீவை இப்போதே எழுதிக் கொடுத்து வை. அங்கே குளிருமாம், கம்பளிச் சட்டை ஒன்றுக்கு இரண்டாக எடுத்துக்கொள். பாஸ்போர்ட்டைப் பைக்குள் போடாதே, உடம்போடு வைத்துக்கொள். ரயிலில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தூங்க வேண்டாம். பருப்புப்பொடியை தோஹாவிலேயே காலி பண்ணிவிடாமல் பாதி கட்டி வை. ஆம்ஸ்டர்டாமில் பூ மார்க்கெட் பெரியது என்றான் நியாஸ், அங்கே பூவை வாடாமல் எப்படி வைக்கிறார்கள் என்று அப்பாவுக்காகப் பார்த்துவிட்டு வா. எங்களுக்குக் காட்ட வேண்டும் என்று போனையே நீட்டிக்கொண்டு திரியாதே, முதலில் நீ கண்ணாரப் பார். கல்யாணப் பேச்சை நான் தை வரைக்கும் எடுக்க மாட்டேன், அதற்குமேல் என்னைக் கேட்காதே.

ஆவணியில் உன் முகத்தைப் பார்ப்போம் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தவள்தான் நான். பெற்ற பிள்ளையை வராதே என்று எழுதக் கை வரவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன், வராதே. ஒவ்வொரு தடவையும் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் நின்று போயிட்டு வாப்பு என்று உன்னை அனுப்பியிருக்கிறேன், அந்தத் தடவையெல்லாம் நீ எங்களுக்காகப் போனாய். தீர்க்காயுசாக இருப்பாய், மாரியம்மன் துணை இருப்பாள். இந்த ஒரு தடவை உனக்காகப் போயிட்டு வா.

அன்பும் ஆசியும்,
அம்மா ஜக்கம்மாள்