மேற்கு ரூம்

பாகாலா,
ஞாயித்துக்கிழமை

ரூபாவுக்கு,

மேற்கு ரூம் வேலை முடிஞ்சிடுச்சி. மொட்டை மாடி முழுக்க வெள்ளை கூலிங் பெயின்ட் அடிச்சாச்சி. வெயில் படற சுவத்துக்கு வெளியில தட்டி கட்டியிருக்கேன். சாயங்காலம் ஹால் சுவத்துலயும் அந்த ரூம் சுவத்துலயும் மாத்தி மாத்தி கை வெச்சிப் பார்த்தேன். ரெண்டும் ஒரே மாதிரிதான் இருந்துச்சி. இந்த அடுப்புல புள்ளைய எப்படிப் படுக்க வெக்கிறதுன்னு நீ இனிமே கேக்க முடியாது.

அந்தக் கடைசி வரிய எழுதியிருக்கக் கூடாது. கோடு போட்டு அடிச்சிட்டா இன்னும் நல்லா தெரியும்னு விட்டுட்டேன்.

ஆஸ்பத்திரியிலேர்ந்து நாம வெறுங்கையோட வந்த அன்னிக்கே, இனிமே எதுக்கு இந்த வேலைன்னு உங்கம்மா கேட்டாங்க. தடாவுல இருக்கற உங்க வீட்டுக்கு உன்னக் கூட்டிக்கினு போகும்போதும் அதையே சொன்னாங்க. எனக்குப் பாதியில விட மனசு வரலை.

உள்ள சீலிங்குக்கு வெள்ளை அடிக்கும்போது கங்கையா மேஸ்திரி, "புள்ளைக்கு ஏணை கட்டற கொக்கிய அறுத்துடவா தம்பி?"ன்னு கேட்டாரு. நான் குனிஞ்சி வெள்ளைய கலக்கிக்கினு இருந்தேன். அவரும் அதைச் சுத்தி அடிச்சிட்டுப் போயிட்டாரு.

அது இருக்கணுமா வேணாமான்னு நீ வந்து பார்த்துச் சொல்லு. ரூம் இப்ப நல்லா குளிர்ச்சியா இருக்கு. நான் ஹால்லயேதான் படுத்துக்கினு இருக்கேன்.

உன் வீட்டுக்காரன்