காவ்ரான் நின்ற இடம்

1731 நவம்பர் 9

இன்றும் இரண்டு கிண்ணம் எடுத்து வைத்துவிட்டேன். என் ராடிவோய் கண்ணை மூடி ஒரு மாதம் ஆகப்போகிறது, என் கைக்கு இன்னும் தெரியவில்லை. அவர் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தேன். யார் சாப்பிட்டார்கள் என்று கழுவினேன்?

நவம்பர் 16

பக்கத்து வீட்டு ஸ்தாமெனாவின் மகள் ருமென்கா இறந்துவிட்டாள். அவருக்கு வந்த அதே இருமல், அதே காய்ச்சல். சாவு வீட்டுக்குக் கோதுமை வேகவைத்துக் கொண்டுபோனேன். ஸ்தாமெனா வாங்கவில்லை.

"உன் புருஷன்தான்டி வந்தான். மார் மேல ஏறி உக்காந்தான்னு புள்ள சொல்லிச்சு."

பாத்திரத்தோடு திரும்பி வந்தேன்.

நவம்பர் 18

அவர் வாம்பிர் ஆகிவிட்டாராம். செத்தும் சாகாமல் குழியிலிருந்து எழுந்து வந்து ரத்தம் குடிக்கிறாராம். ஊர்த்தலைவர் ஒப்ராட் வந்தார்.

"மறைக்காம சொல்லும்மா தெஸா. உன்கிட்ட வந்தானா?"

"வரலைண்ணே."

"பொண்டாட்டிகிட்டதானே மொதல்ல வருவாங்க?"

"என்கிட்ட வரலை."

வாசற்படியில் சாம்பல் தூவச் சொன்னார். வந்தால் கால்தடம் விழுமாம்.

நவம்பர் 19

சாம்பல் தூவியபடியே கிடந்தது. பூனைகூட மிதிக்கவில்லை. ஊர் பயந்து அழுகிறது. நான் ஏமாந்து அழுதேன்.

நவம்பர் 23

எங்கள் குதிரை காவ்ரானைக் கேட்டார்கள். ஒரு வெள்ளை முடிகூட, ஒரு வடுகூட இல்லாத கறுங்குதிரையைக் கல்லறைகள் மேல் நடத்துவது வழக்கம். எந்தக் குழியைத் தாண்ட மறுக்கிறதோ, அதில் கிடப்பவன்தான் வாம்பிர். ஊரில் அப்படிப்பட்டது எங்கள் காவ்ரான் ஒன்றுதான். கொடுத்தேன். தாண்டிவிடும், பேச்சு ஓயும் என்று நினைத்தேன். மடச்சி!

குட்டியிலிருந்து அவர் வளர்த்தது. சட்டைப்பையில் அதற்கென்று ரொட்டி ஓரம் வைத்திருப்பார். அவர் குழி வந்ததும் நின்றது. தலையைத் தாழ்த்தி மண்ணை மோந்தது. சாட்டையால் அடித்தும் நகரவில்லை.

"பாத்தீங்களா, பாத்தீங்களா!" என்று கூச்சல்.

"அவர் கையால தின்ன குதிரைடா பாவிங்களா, அவரைத் தேடுது!" என்று கத்தினேன். யார் காதிலும் ஏறவில்லை.

நவம்பர் 24

தோண்டினார்கள். முகம் உப்பிச் சிவந்து, வாயோரம் ரத்தம். "நல்லா தின்னு கொழுத்திருக்கான் பாரு" என்றான் ஒருவன். முள்மரக் கழியைக் கூராகச் சீவி, மார்பில் வைத்து —

என்னால் முடியவில்லை.

நவம்பர் 25

எரித்துச் சாம்பலை மொராவா ஆற்றில் கரைத்துவிட்டார்கள். இனி போய் உட்கார ஒரு குழிகூட இல்லை.

டிசம்பர் 12

இருமல் நின்றதா? ஒப்ராடின் தம்பியும் போய்விட்டான். வாம்பிரால் செத்தவர்களும் வாம்பிர் ஆவார்களாம், அதனால் அடுத்து ருமென்காவின் குழியாம். நாளைக் காலை காவ்ரானைக் கூட்டிப்போக வருகிறார்கள்.

வேலி மேல் ஏறி நின்று காவ்ரானுக்கு ஆப்பிள் ஊட்டுவாளே அந்தப் பிள்ளை! அங்கேயும் நிற்கும். நிற்காமல் என்ன செய்யும்?

ஸ்தாமெனா வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். வேலியைப் பிடித்தபடி காவ்ரானைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். அன்று என் பக்கம் நின்றாளா அவள்? எனக்கென்ன வந்தது?

டிசம்பர் 13

விடிந்ததும் அடுப்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சிக் காவ்ரானின் நெற்றியில் வைத்தேன். அது அலறிய அலறல். மன்னிச்சுடுடா, மன்னிச்சுடு.

ஒப்ராட் வந்து பார்த்தார். "என்னடி பண்ணித் தொலைச்சே?"

"வடு இருந்தா ஆகாதுதானேண்ணே?"

"நீயெல்லாம் ஒரு பொம்பளையா!" காறித் துப்பிவிட்டுப் போனார். கூட வந்தவர்களும் போனார்கள். ருமென்காவின் குழியை யாரும் தொடவில்லை.

டிசம்பர் 25

கிறிஸ்து பிறப்பு. வாசலுக்கு யாரும் வரவில்லை. காவ்ரானும் நான் போனால் மூலைக்கு ஒதுங்குகிறது.

1732 பிப்ரவரி 3

புண் ஆறிய இடத்தில் வெள்ளை முடி முளைத்திருக்கிறது. இனி யாரும் அதைக் கேட்க மாட்டார்கள்.

கொட்டிலுக்குப் போனேன். வேலியோரம் ஸ்தாமெனா, கையில் ஆப்பிள். காவ்ரான் தின்றுகொண்டிருந்தது. மீதித் துண்டை என்னிடம் நீட்டினாள். "நீ குடு."

நீட்டினேன். பின்வாங்கியது.

"வரும்டி" என்றாள்.

"சூப் இருக்கு, வர்றியா?" என்றேன்.

குதிரையின் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நாளைக்கு" என்றாள்.

இரண்டாவது கிண்ணத்தைக் கழுவி வைத்திருக்கிறேன்.