கொப்பர் மிதிக்கிற மண்

சிவமயம்

புளியங்குளம்,
புரட்டாதி, 1965.

என்ர அன்பு மகள் கமலாசனிக்கு,

அம்மா எழுதிறது. பதுளைக் குளிரில நீ தடிமன் காய்ச்சல் ஒண்டும் இல்லாமல் இருப்பாய் எண்டு நம்பிறன், பிள்ளையார் அதையாவது குறை வைக்காமல் பாக்கட்டும். இஞ்ச நாங்களும் சுகம் எண்டு எழுதிறதுதான் முறை, அதால எழுதிறன், உடம்பளவில சுகந்தான். உன்ர கடிதம் வெள்ளிக்கிழமை கிடைச்சுது. உன்னை ஆசுபத்திரியில ஒரு வாட்டுக்குப் பொறுப்பாய் விட்டிருக்கினம் எண்டு வாசிச்சதும் எனக்குக் கண்ணீர் வந்திட்டுது, பக்கத்தில சொல்லிச் சந்தோசப்பட ஆள் இல்லை, மாட்டுக்குத்தான் சொன்னன். பிறகு மிச்சத்தை வாசிச்சன். உனக்குக் கீழ வேலை செய்யிற பெட்டையள் நீ அந்தப் பக்கம் திரும்ப இந்தப் பக்கம் ஒளிக்கினமாம், ஏசியும் பாத்தாய், கெஞ்சியும் பாத்தாய், ஒண்டும் சரிவரேல்லை, அப்பா ஒருத்தரையும் அதட்டாமல் இத்தினை சனத்தை எப்பிடி வேலை வாங்கினவர் எண்டு கேட்டு எழுதச் சொல்லியிருக்கிறாய். கொப்பர் எங்க கடிதம் எழுதிறது. நான்தான் எழுதவேணும், கண்ணும் முந்தி மாதிரி இல்லை, எழுத்துக் கோணினால் பொறுத்துக்கொள்.

கடிதத்தை அவருக்கு வாசிச்சுக் காட்டினன். சோத்துக் கோப்பையைப் பாத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். முடிஞ்சதும், பிள்ளை இப்பவும் தன்ர கையால புண் கழுவுறாளோ எண்டு மட்டும் கேட்டார். எனக்கெப்பிடித் தெரியும், எழுதிக் கேக்கட்டோ எண்டன். கையைக் கழுவிப்போட்டு மண்வெட்டியோட வெளிக்கிட்டார். அது உனக்குச் சொன்ன புத்தியோ, இல்லாட்டி வேற ஏதும் யோசினையில கேட்டதோ, இத்தினை வருசம் கூட இருந்தும் எனக்கு விளங்கேல்லை.

நான் கண்டதைச் சொல்லுறன். அந்த மனிசன் ஒருத்தரையும் வேலை வாங்கினதே இல்லை. சுழிபுரத்தில இருந்து காணி கிடைச்சு நாங்கள் இஞ்ச வந்த புதுசில, நீ படிக்கவெண்டு சித்தி வீட்டில நிண்டனி, அதால காணேல்லை, அப்ப வாய்க்கால் எண்டு நிலத்தில கோடுதான் கீறியிருந்தது. அரசாங்கக் கந்தோர் வெட்டித் தரும் எண்டு எல்லாரும் காத்துக்கொண்டிருக்க, கொப்பர் குனிஞ்சவர் குனிஞ்சவர்தான். மண்ணை உருட்டுவார், பிய்ப்பார், மணப்பார், திரும்ப உருட்டுவார், தன்ரபாட்டில கதைப்பார். எனக்கெண்டால் வெக்கம், மனிசனுக்கு விசர் பிடிச்சிட்டுது எண்டு சனம் சொல்லப்போகுதே எண்டு. எங்கட பக்கத்துக் காணிக்காரன் மயில்வாகனம் விடுப்புப் பாக்கத்தான் முதல் வந்தவன். என்ன அண்ணை செய்யிறியள் எண்டு கேக்க, இவர் நிமிராமலே, இதைப் பிடிச்சுப் பார், இது வழுக்குது, மற்றது வெடிக்குது எண்டு ஒரு உருண்டையை அவன்ர கையில வைச்சார். அவ்வளவுதான். பொழுதுபடும்வரைக்கும் மயில்வாகனம் சேறோட நிண்டான், அவனைத் தேடி வந்த தம்பிமாரும் நிண்டிச்சினம், அடுத்த கிழமை பொம்பிளையள் நாங்களும் மண் சுமக்கிற கடகத்தோட நிண்டம். ஆரும் கூப்பிட்டுப் போனதில்லை. அந்த மனிசன் அப்பிடி என்னத்தைத்தான் குனிஞ்சு பாக்கிறார் எண்டு பாக்கப் போய் எல்லாரும் குனிஞ்சதுதான். வாய்க்கால் அப்பிடி வந்தது, குளக்கட்டை உயர்த்தினதும் அப்பிடித்தான். ஐயனாருக்குக் குளத்துத் தண்ணி திறக்கிற துருசடியில முதல் பொங்கல் பொங்கின அண்டைக்கு அவரைத் தலைப்பாகை கட்டச் சொல்லித் தேடினால், அவர் வாய்க்காலுக்க நிக்கிறார்.

போன மார்கழிப் புயலில கட்டு உடைஞ்சது எழுதினனான். மிச்சத்தை எழுதேல்லை, எழுத மனம் வரேல்லை. வெள்ளம் வடிஞ்ச கையோட சனம் தானாக வந்தது, என்ர கண்ணால கண்டனான், கூரை இல்லாத வீட்டுக்காரரும் வந்தவை. அந்த நேரம் பாத்துக் கந்தோரில இருந்து நிவாரண வேலை எண்டு வந்து சேந்தது. கடகக் கணக்குக்கு அரிசியும் கோதுமை மாவும். பசியோட கிடந்த சனம் வேண்டாம் எண்டு சொல்லுமே, நானும் வாங்கினனான்தான். ஓவசியர் வந்து, இஞ்ச ஆர் முக்கியமான ஆள் எண்டு விசாரிச்சு, கொப்பரைக் கங்காணியாக்கினார். மருதமரத்துக்குக் கீழ ஒரு கதிரை, ஒரு குடை, ஒரு விசில். கங்காணி மண்ணில கை வைக்கக்கூடாது, பாத்துக்கொண்டிருக்கவேணும், அதுதான் சட்டமாம். மரியாதை தந்திருக்கினம் மறுக்கக்கூடாது எண்டு இவரும் இருந்தார். கதிரையில அவரை நீ பாத்திருக்கவேணும் பிள்ளை, கையை எங்க வைக்கிறதெண்டு தெரியாமல் குடையை விரிக்கிறதும் மடக்கிறதும்.

சனம் அவற்ற முதுகைப் பாத்து வேலை செய்து பழகினது, இப்ப முகத்தைப் பாக்கவேண்டி வந்திட்டுது. பொழுதுபட்டாலும் நிப்பாட்டாத ஆக்கள் விசில் ஊத முதலே மண்வெட்டியைத் துடைச்சு வைச்சிச்சினம். கடகக் கணக்கெண்டபடியால் களிமண் தேடி நடுக்குளத்துக்கு ஒருத்தரும் போகேல்லை, கிட்டக் கிடந்த மணல்மண்ணை அள்ளிக் கொட்டிச்சினம், மிதிக்கிறதுக்கு மா தராயினம்தானே, ஆனபடியால் மிதிக்கவும் இல்லை. மிதியுங்கோ மிதியுங்கோ எண்டு இவர் கத்தினவர். கதிரையில இருந்து கத்தினால் ஆர் கேக்கிறது. கட்டு வலு கெதியில எழும்பினது, பெரிய ஆக்கள் வந்து பாத்துச் சந்தோசப்பட்டுப் போச்சினம். சித்திரை மழைக்கு அது கஞ்சி மாதிரிக் கரைஞ்சு போச்சு.

அதோட நிவாரணமும் முடிஞ்சுது, சனத்தின்ர வரத்தும் முடிஞ்சுது. குளம் இனி அடுத்த வருசத் திட்டத்தில கிடக்காம். ஐப்பசி மழைக்கு முதல் உடைப்பை அடைக்காட்டி இந்தக் காலபோக விதைப்பும் இல்லை, ரெண்டு போகம் விதைக்காமல் இந்தக் காட்டுக்க இருந்து என்னத்தைத் தின்னுறது, காணியை விட்டிட்டுச் சுழிபுரத்துக்கே திரும்பவேண்டியதுதான். கொப்பர் விசிலைக் கொண்டுபோய்க் குடுத்திட்டுப் பழையபடி குனிஞ்சார். நானும் நம்பினன், நாளைக்கு மயில்வாகனம் வருவான், பிறகு மற்றவை வருவினம் எண்டு. வழியில போறவை நிண்டு, திரும்ப அரிசி குடுக்கினமோ அண்ணை எண்டு கேட்டிச்சினம், இல்லை எண்டதும் போச்சினம். அவையிலயும் பிழை சொல்லேலாது. சும்மா செய்யேக்க அது எங்கட குளம், கூலிக்குச் செய்தபிறகு கந்தோரின்ர குளமாய்ப் போச்சு, கந்தோரின்ர குளத்துக்கு ஆர் சும்மா மண் சுமக்கிறது. இவருக்குத் தெரியாமல் நான் வீடு வீடாய்ப் போய்க் கேட்டும் பாத்தன், தேத்தண்ணி தந்து உன்னைப் பற்றி விசாரிச்சு அனுப்பினவை.

போன திங்கள் மயில்வாகனம் குடும்பமும் மற்றவை மாதிரிக் காணியை விட்டிட்டுப் போக வண்டில் கட்டினது. பெண்சாதி இரஞ்சிதம் என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதாள், முருங்கையில காய் கிடக்கு, பிடுங்குங்கோ அக்கா எண்டாள். அவன் வண்டிலை றோட்டில விட்டிட்டுக் கட்டுக்குப் போனான், நானும் பின்னால போனன். கொப்பர் உடைப்புக்குள்ள குனிஞ்சு நிக்கிறார், இவன் மேல நிண்டு பாக்கிறான். சால்வையை எடுத்து இடுப்பில கட்டினான், இறங்கப்போறான் எண்டு நினைச்சன். வா எண்டு கூட வேண்டாம், ஆரது எண்டு ஒரு சொல் கேட்டிருந்தால் இறங்கியிருப்பான், சத்தியமாய் இறங்கியிருப்பான். கொப்பர் நிமிரேல்லை. ஆள் வந்ததும் தெரியாது நிண்டதும் தெரியாது, மண்ணோட மண்ணாய் நிக்கிறார். அவன் கொஞ்ச நேரம் பாத்திட்டுச் சால்வையை அவிட்டுத் தோளில போட்டுக்கொண்டு போட்டான். பின்னேரம் நான் நல்லாய்ச் சண்டை பிடிச்சன், கூப்பிட்டால் என்ன, வாயில கொழுக்கட்டையோ எண்டு கேட்டன். கூப்பிட்டு வாறவன் விசிலுக்கு வாறவன்தான் எண்டார். பிறகு சோத்துக்கு முன்னால இருந்துகொண்டு, அவன் உண்மையாய் வந்து நிண்டவனோ எண்டு கேட்டார். ஓம், சால்வையும் கட்டினவன் எண்டன். அண்டைக்கு அவர் சாப்பிடேல்லை.

ஆனபடியால் பிள்ளை, நீ கேட்டதுக்கு என்னட்டை நேரான மறுமொழி இல்லை. கதிரையில இருந்தால் ஒருத்தரும் வராயினம், அது கண்டனான். குனிஞ்சு நிண்டால் வருவினம் எண்டு முந்தியெண்டால் சொல்லியிருப்பன், இப்ப அதையும் சொல்லப் பயமாய்க் கிடக்கு. நீ புண் கழுவுறதெண்டால் அந்த மனிசருக்கு நோகுதெண்டு கழுவு, பாத்து ஆரும் பழகுவினம் எண்டு கழுவாதை. கழுவேக்க ஒருக்கால் நிமிர்ந்து, பக்கத்தில ஆரும் வந்து நிக்கினமோ எண்டும் பார். கொப்பரிட்டை இருந்து எல்லாத்தையும் எடு, அந்தக் குனிஞ்ச தலையை மட்டும் எடாதை. சித்தப்பா ஒரு மாப்பிள்ளைக் கதை சொல்லி விட்டவர், மன்னார்ப் பக்கம் வாத்தியாராம், இருக்கிற இருப்புக்கு இப்ப அதைக் கதைக்க எனக்குத் தெம்பில்லை, பிறகு எழுதிறன்.

முந்தநாள் இரவுதான் முதல் மழை பெய்தது. விடிய நான் அவருக்கு முன்னால ஓடிப்போய்ப் பாத்தன், போட்ட மண்ணில பாதியைக் காணேல்லை. அவர் வந்து இறங்கி, மிஞ்சி நிண்ட பக்கத்தைக் காலால அமத்தி அமத்திப் பாத்தார். இஞ்சாருங்கோ, இது அடைபடாது, உங்களுக்குத் தெரியேல்லையோ எண்டு அழுதழுது கேட்டன். தெரியும் எண்டார். தெரிஞ்சு கனநாள் எண்டார். பிறகு சின்னப்பிள்ளை மாதிரி முகத்தை வைச்சுக்கொண்டு, மிதிச்ச பக்கம் அசையேல்லை பாத்தியே அன்னம் எண்டார். எனக்கு வந்த கோவத்துக்கு அந்த மண்வெட்டியைப் பறிச்சுக் குளத்துக்க எறிஞ்சிருப்பன். எறியேல்லை. சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி மிதிச்சன். குளம் நிரம்பும் எண்டு மிதிக்கேல்லை பிள்ளை, எனக்கு அந்த நம்பிக்கை துளியும் இல்லை. மயில்வாகனம் மாதிரி மேல நிண்டு பாத்திட்டுப் போக எனக்குக் கால் வரேல்லை, அவ்வளவுதான். இண்டைக்கும் போனன், இதை எழுதி முடிச்சிட்டுத் திரும்பப் போகவேணும்.

நீ லீவு போட்டுக்கொண்டு ஓடி வராதை, வந்து பாக்க இஞ்ச ஒண்டும் இல்லை. கம்பளிச் சட்டையைப் போடு, இரவு வேலையெண்டால் வெறும் வயித்தோட நிக்காதை. அப்பாவுக்கு எழுதேக்க குளம் அடைபடும் எண்டும் எழுதாதை, அடைபடாது எண்டும் எழுதாதை. ஐயனார் உன்ர கைக்குப் பலத்தையும் உன்னோட நிக்க நாலு மனிசரையும் தரட்டும். தைக்குப் பிறகு சுழிபுரத்து விலாசத்துக்கு எழுதவேண்டி வரும், அதுவரைக்கும் இதுக்கே எழுது. வீடு பூட்டியிருந்தாலும் பறுவாயில்லை, தபால்காரன் இப்ப நேரே கட்டுக்குத்தான் கொண்டுவாறவன், அந்தப் பக்கத்தில வேற ஆருக்கும் அவன் கடிதம் கொண்டு வாறேல்லை.

இப்படிக்கு,
உன்ர அம்மா
அப்புத்துரை அன்னபாக்கியம்