க்ளியரன்ஸ் வரிசையில் நின்றவர்கள்

9 ஜனவரி 2001, செவ்வாய். வட்டுகோலா, ஃபிஜி

பத்துப் பேர் இருந்த என் பாஸ்கெட்பால் டீமில் ஐந்து பேர் மிச்சம். போன மே மாதம் இந்திய வம்சத்துப் பிரதமரைப் பிடித்துவைக்கத் துப்பாக்கியோடு பார்லிமெண்டுக்குள் புகுந்தார்கள். டிசம்பருக்குள் என் பாதி டீம் பிரிஸ்பேனிலும் ஆக்லாந்திலும் போய் இறங்கிவிட்டது. வினீதா வான்கூவரிலிருந்து கார்டு அனுப்பியிருக்கிறாள், பனியில் நின்று பல்லைக் காட்டிக்கொண்டு. மூன்று வருஷம் மெனக்கெட்டு அவளுக்கு இடது கையால் பந்து தட்டக் கற்றுக்கொடுத்தேன். அந்தக் கை இப்போது கனடாவில் பனி வாருகிறது.

இன்று பயிற்சிக்கு வந்தது பழைய பெண்கள் ஐந்து, புதுசு நான்கு. புதுசுகள் கூடையைப் பார்த்து எறிந்தால் பந்து பள்ளிக்கூட டேங்கில் போய் விழுகிறது. போன சீசனில் எட்டு டீமில் ஏழாவதாக வந்தோம். இந்த வருஷம் எட்டாவதாக வர எல்லா ஏற்பாடும் நடக்கிறது.

சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் பால் ஏதோ பாரங்களை நீட்டினார். ப்ராவிடண்ட் ஃபண்ட் என்றார். நான் டீம் லிஸ்டில் மூழ்கியிருந்தேன். பென்சிலால் குறி போட்டிருந்த இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

13 ஜனவரி, சனி

ராஜேந்திரா போன் பண்ணினார். நாந்தி ஏர்போர்ட்டில் தீயணைப்பு வேலை, பக்கத்திலேயே வோட்டுவாலேவு டீமுக்குக் கோச். அவரிடம் லூசியானா என்று ஆறடிப் பெண் ஒருத்தி. மாமா இங்கே சுரங்கத்தில் வேலை செய்கிறார், அவர் வீட்டில் வந்து தங்கத் தயாராம். பதிலுக்கு, பந்தை ஓட்டிக்கொண்டு வரத் தெரிந்த ஒருத்தி அவருக்கு வேண்டும்.

“மெரெசேனி, இல்லன்னா கரிஷ்மா. ரெண்டுல ஒண்ணு குடுங்க சிஸ்டர்.”

குடுங்களாம்! மார்க்கெட்டில் கத்தரிக்காய் கேட்கிற மாதிரி.

மார்ச் மூன்றாம் தேதிக்குள் இரண்டு க்ளப்பும் க்ளியரன்ஸ் பாரத்தில் கையெழுத்துப் போட்டு லீகுக்கு அனுப்ப வேண்டும். அதற்கப்புறம் ஜூன் கடைசியில் சீசன் முடிகிறவரை யாரையும் மாற்ற முடியாது.

ஆறடி! என்னிடம் இருப்பவர்களில் பெரியவளே ஐந்தடி ஏழுதான். ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் யாரைக் கொடுப்பது?

மெரெசேனிக்குப் பத்தொன்பது வயது. அப்பா சுரங்கத்துக்குள் இறங்குகிறவர். எகிறினால் வானத்தைத் தொடுவாள், ஆனால் பத்துப் பாஸில் மூன்று வேடிக்கை பார்க்கிறவர்களுக்குப் போகும். கரிஷ்மாவுக்குப் பதினெட்டு. கரும்பு விவசாயி கன்னையாவின் பெண். குள்ளம். மேற்கே பார்த்துக்கொண்டே கிழக்கே பாஸ் கொடுப்பாள். அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கே வராது.

28 ஜனவரி, ஞாயிறு

சர்ச்சில் பிரசங்கம் நீண்டுகொண்டே போனது. பாட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இரண்டு பத்தி போட்டேன். இருப்பாள். போவாள். (மன்னியும் ஆண்டவரே.)

நல்ல கோச் என்றால் எந்தப் பெண் வளருவாள் என்று பார்க்க வேண்டும். நான் எந்த வீட்டில் சூட்கேஸ் வாங்கினார்கள் என்று பார்க்கிறேன். யார் விசாவுக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்கள், யார் ஃப்ரிட்ஜை விற்கிறார்கள், யார் வீட்டில் திடீரென்று பிள்ளைகளோடு இங்கிலீஷ் பேசுகிறார்கள். இரண்டு வருஷம் பாடுபட்டு ஒருத்தியை நிமிர்த்துவேன், அவள் டாட்டா காட்டுவாள். இன்னொரு தடவை ஏமாறமாட்டேன்.

மெரெசேனி இருப்பாள், இந்த மண்ணின் பூர்வகுடி. நிலம் அவர்களுடையது, கிராமம் அவர்களுடையது. எங்கே போகப்போகிறாள்?

கரிஷ்மா பெயரை எந்தப் பத்தியிலும் போட முடியவில்லை. கன்னையாவின் கரும்பு நிலத்துக்குப் போன வருஷமே குத்தகை முடிந்துவிட்டது. நிலத்துக்காரர்கள் புதுப்பிக்கவில்லை. நிலம் போன மனுஷர் இங்கே உட்கார்ந்து என்ன செய்வார்?

பாலுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அப்பா கோயில் உபதேசியாராக இருந்து பைபிளை வைத்து எனக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தது இதற்காவது உதவுகிறது. இந்த நோட்டை மேசைமேலேயே போட்டுவைக்கலாம்.

6 பிப்ரவரி, செவ்வாய்

மழை. பயிற்சி இல்லை. வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பால், “செத்த உக்காரேன் வயலட்” என்றார். உட்கார்ந்து?

17 பிப்ரவரி, சனி

தாவுவா மார்க்கெட். காய்கறிக்காரி கம்லா கையைப் பிடித்து இழுத்துச் சொன்னாள்: “அக்கா, உங்க டீம் பொண்ணோட அப்பா, கன்னையா, போலீஸ் ஸ்டேஷன் லைன்ல நின்னாரு. க்ளியரன்ஸ் வாங்க!” இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு பீன்ஸை நிறுக்க ஆரம்பித்தாள்.

போலீஸ் க்ளியரன்ஸ் இல்லாமல் எந்த நாட்டுக்காரனும் விசா கொடுக்கமாட்டான். அந்த வரிசையில் நின்றது யார் என்பதுதான் இப்போது தாவுவாவில் தக்காளி விலையைவிடப் பெரிய செய்தி.

நேற்றுகூட இரண்டு மணி நேரம் என்னோடு பயிற்சியில் இருந்தாள் அந்தப் பெண். ஒரு வார்த்தை? “மிஸ், நாங்க போறோம்” என்று ஒரே ஒரு வார்த்தை? சரிதான் போ. எல்லாரும் போங்க. எனக்கென்ன.

வாங்கின பீன்ஸை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

2 மார்ச், வெள்ளி

நேற்று அப்பீல் கோர்ட்டில் தீர்ப்பு. போன வருஷம் ரத்து செய்த பழைய அரசியல் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறதாம். ஆசிரியர் அறையில் எல்லாரும் அதையே பேசினார்கள். எனக்குக் காதில் ஏறவில்லை. பையில் க்ளியரன்ஸ் பாரம் இருந்தது.

பயிற்சி முடிந்ததும் கரிஷ்மாவைக் கூப்பிட்டேன். வோட்டுவாலேவில் அவளுடைய சித்தப்பா வீடு இருக்கிறது, அங்கே தங்கி ஆடலாம், ராஜேந்திரா நல்ல கோச் என்றேன். இத்தனையும் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். அழுவாள், ஏன் என்று கேட்பாள், அப்போது மூஞ்சிக்கு நேரே “உங்க அப்பா எதுக்குப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்?” என்று கேட்கலாம் என்று தயாராக நின்றேன்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. எங்கள் பெண்கள் எல்லாம் ஹிந்தியில்தான் பேசுவார்கள். தமிழில் சொன்னால் இப்படி வரும்: “யோசிச்சுத்தான் பண்றீங்களா மிஸ்?”

“ஆமா.”

கையெழுத்துப் போட்டாள். போகும்போது ஒரு பார்வை பார்த்தாள். கோபம் இல்லை. இரக்கப்படுகிற மாதிரி இருந்தது. என்மேல் இவளுக்கு என்ன இரக்கம்?

24 மார்ச், சனி

லூசியானா நல்ல பெண்தான். ஆறடி உயரம், பூனை மாதிரி சத்தமில்லாத நடை. ஆனால் அவளுக்குப் பந்து கொண்டுவந்து கொடுக்க ஆள் வேண்டாமா? கூடைக்கடியில் கொடிக்கம்பம் மாதிரி நிற்கிறாள். மூன்று மேட்ச், மூன்றும் தோல்வி.

மெரெசேனி பயிற்சி முடிந்து தயங்கித் தயங்கி வந்தாள். சுவாவில் பிரிட்டிஷ் ஆர்மிக்கு ஆள் எடுத்தார்களாம். ஓடச் சொன்னார்களாம், ஓடினாளாம், எடுத்துக்கொண்டார்களாம். அடுத்த மாதம் இங்கிலாந்து. “நீங்க தந்த ட்ரெய்னிங்தான் மிஸ்” என்று கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

நிலம் அவர்களுடையது. கிராமம் அவர்களுடையது. எங்கே போகப்போகிறாள் என்று எழுதினேனே, இதே நோட்டில்! புத்திசாலி!

21 ஏப்ரல், சனி

லௌடோகாவில் வோட்டுவாலேவோடு மேட்ச். 61–38, அவர்களுக்கு. அதில் எத்தனை கரிஷ்மா கையிலிருந்து போனது என்று எண்ணுவதைப் பாதியில் நிறுத்திவிட்டேன். எங்கள் பெண்கள் அவள் கண்ணைப் பார்த்து ஏமாந்துகொண்டே இருந்தார்கள். அவள் கண்ணை நம்பக் கூடாது என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்து என்ன, நான் பெஞ்சில்தானே இருக்கிறேன்.

முடிந்ததும் அவளாகவே வந்தாள். “லூசியானாவுக்குக் கீழ குடுக்காதீங்க மிஸ், தலைக்கு மேல குடுக்கச் சொல்லுங்க.” அப்புறம், “உடம்பைப் பாத்துக்கங்க மிஸ். அங்க ரொம்பக் குளிராம்.”

எங்கே குளிர் என்று கேட்பதற்குள் ராஜேந்திரா அவளைப் பஸ்ஸுக்குக் கூப்பிட்டுவிட்டார்.

இங்கிலாந்துக்குப் போவது மெரெசேனி. எனக்கு என்ன குளிர்?

24 ஏப்ரல், செவ்வாய்

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

வேன் ரிப்பேர். தாவுவாவிலிருந்து பஸ்ஸில் வந்தேன். ஏறினால், ஸ்டியரிங்கில் கன்னையா. காக்கிச் சட்டை, எண்ணெய் தடவி வாரிய தலை.

“வாங்க டீச்சரம்மா! குந்துங்க, முன்னாடியே குந்துங்க” என்றார். பெண்களின் வீட்டாரில் என்னோடு தமிழ் பேசுகிற ஒரே ஆள் அவர்தான்.

நான் முட்டாள் மாதிரி, “நீங்க இன்னும் போகலியா?” என்றேன்.

“எங்க போறது? கரும்பு போச்சு. வேற வேல வோணாமா? ரெண்டு வாரமா இந்த வண்டிதான். பஸ் லைசென்ஸ் குடுக்கறதுக்குப் போலீஸ் க்ளியரன்ஸ் கேட்டான். அதுக்கே அரை நாளு லைன்ல நின்னேன்.”

வளைவில் கியரை மாற்றிக்கொண்டே அவர் சொன்னார்: “ஒங்க வூட்டுக்காரரும் எம் பின்னாடிதான் நின்னாரு. கையில ரெண்டு பாரம். அவருக்கு ஒண்ணு, ஒங்களுக்கு ஒண்ணு. நியூஸிலாந்துன்னாரு. வூட்ல வந்து சொன்னேன், எம் பொண்ணு ரொம்ப அழுதுது. அப்பறம் நீங்க அத வோட்டுவாலேவுக்கு அனுப்பினப்போ சொல்லுச்சு, பாருப்பா, மிஸ் போறதுக்கு முன்னாடி எனக்கு நல்ல எடமா பாத்து வெச்சிட்டுப் போறாங்கன்னு.”

வட்டுகோலா வந்துவிட்டது. அவர் காசு வாங்கமாட்டேன் என்றார். கட்டாயப்படுத்திக் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். கம்லாவுக்குத் தெரிந்திருக்கிறது. பஸ் டிரைவருக்குத் தெரிந்திருக்கிறது. என் பெண்கள் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. போகிறவர்கள் பத்தியில் முதல் பேர் என் பேர்!

25 ஏப்ரல், புதன்

கேட்டேன். பால் மறுக்கவில்லை. “ப்ராவிடண்ட் ஃபண்ட்னு சொன்னது தப்புதான். நெசத்தச் சொல்லியிருந்தா நீ கையெழுத்துப் போட்டிருப்பியா?”

போட்டிருக்க மாட்டேன்.

“டிம் அங்க ஒத்தையில கெடக்கிறான். பெத்த புள்ள. நீ ஊரான் வூட்டுப் பொண்ணுங்களுக்குப் பந்து பொறுக்கிட்டு இருக்க.”

கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று இங்கே எழுதப்போவதில்லை. கேக்காம எப்படிய்யா பண்ணுவ? எம் பேர்ல, எம் கையெழுத்த வெச்சு, என்னை ஒரு வார்த்த கேக்காம! இதை மூன்று தடவை கேட்டேன். மூன்றாவது தடவை கேட்கும்போது கரிஷ்மாவின் முகம் கண்முன்னால் வந்து நின்றது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பாரங்களின் நகல்கள் மூன்று மாதமாகப் பீரோவில், என் சேலைகளுக்குப் பக்கத்து டிராயரில் இருந்தன. நான் என் நோட்டை அவரால் படிக்க முடியாத எழுத்தில் ஒளித்தேன். அவர் எனக்குப் படிக்கத் தெரிந்த எழுத்தில் வைத்திருந்தார். நான் திறந்து பார்க்கவில்லை.

19 மே, சனி

பார்லிமெண்டுக்குள் அவர்கள் புகுந்து வருஷம் திரும்பிவிட்டது. ரேடியோவில் ஒரு பக்கம் ஜெபம், ஒரு பக்கம் அரசியல். பாலும் நானும் வேண்டிய அளவுக்கு மட்டும் பேசிக்கொள்கிறோம். விசா வந்துவிட்டது. ஜூலை பதினாலுக்கு டிக்கெட் போடலாம் என்றார்.

டிம் போனில், “வந்துடும்மா” என்றான். அந்த “ம்மா” மட்டும்தான் தமிழ், மீதி இங்கிலீஷ். அதற்கப்புறம் ஒரு சட்டியைப் பதினைந்து நிமிஷம் தேய்த்தேன்.

போனால் என்ன? பிள்ளை இருக்கிறான். இங்கே எனக்கு என்ன இருக்கிறது? எட்டாவது இடத்தில் ஒரு டீம்.

3 ஜூன், ஞாயிறு

அந்த எட்டாவது இடத்து டீமை விட்டுவிட்டு நான் குடிபோகமாட்டேன் என்று பாலிடம் சொல்லிவிட்டேன். அவர் போய் டிம்மைப் பார்க்கட்டும். நான் கிறிஸ்துமஸ் லீவுக்கு வருகிறேன், வந்து பார்க்கிறேன், திரும்பி வருவேன். பால் எழுந்து போய்த் தன் துணிகளை மட்டும் தனியாக எடுத்துவைக்க ஆரம்பித்தார். அவர் சண்டை போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

30 ஜூன், சனி

சீசன் முடிந்தது. எட்டாவது. கடைசி மேட்சில் ஜெயித்தோம். லூசியானாவுக்குத் தலைக்கு மேலே கொடுக்கச் சொன்னேன்.

14 ஜூலை, சனி

காலை ப்ளேனில் பால் போய்விட்டார். நாந்தி ஏர்போர்ட்டில் கடைசி நிமிஷம், “மாத்திரையை மறக்காம சாப்புடு” என்றார். நானும் அதையே அவரிடம் சொன்னேன். இருபத்துமூன்று வருஷம் ஒன்றாக இருந்துவிட்டு மாத்திரையைப் பற்றித்தான் பேசினோம். கண்ணாடிக் கதவு மூடினதும் அழுதேன். யார் பார்த்தால் என்ன, அங்கே எல்லாரும் அழுதுகொண்டுதான் இருந்தார்கள்.

அங்கிருந்து வோட்டுவாலேவுக்கு நடந்தே போய்விட்டேன். கரிஷ்மாவைத் திருப்பிக் கேட்டு ராஜேந்திராவிடம் முந்தாநாளே போனில் பேசியாயிற்று. “அவ சரின்னா நான் கையெழுத்துப் போடறேன் சிஸ்டர். ஆனா அவ வாயால சொல்லணும்” என்றிருந்தார்.

கரிஷ்மா தனியாகக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பந்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு வந்தாள். ஏர்போர்ட் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

“உங்க ஃப்ளைட் எப்போ மிஸ்?”

“காலையிலயே போயிடுச்சு.”

அவளுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. க்ளியரன்ஸ் பாரத்தை நீட்டினேன். வாங்கி, முன்பக்கம் பின்பக்கம் எல்லாம் படித்தாள். நான் அன்றைக்கு அவளைப் படிக்கவே விடவில்லை.

“யோசிச்சுத்தான் பண்றீங்களா மிஸ்?”

“இல்ல. இந்தத் தடவ கேக்க வந்திருக்கேன். உனக்கு வர இஷ்டமா? இல்லன்னா இல்லன்னு சொல்லு, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்.” அது பொய். நினைத்துக்கொள்வேன். ஆனால் கேட்டுவிட்டேன்.

பந்தை இரண்டு தரம் தரையில் தட்டினாள்.

“பஸ் எத்தன மணிக்கு மிஸ்?”

“நாலு மணிக்கு. தாவுவாவுல எறங்கினா அங்கேருந்து உங்க அப்பா வண்டி.”