நடுவில் வந்த பந்து

நவம்பர் 4, செவ்வாய்
குட்டி டென்னிஸ் மாதிரியான இந்தப் பிக்கிள்பாலில் இன்றும் ஜோடியாக மூன்று ஆட்டம், மூன்றிலும் வெற்றி. என் பக்கம் வந்த பந்துகளில் பாதியைக்கூட நான் தொடவில்லை. என் கணவன் லோவெல் குறுக்கே பாய்ந்து, "எனக்கு!" என்று கத்தி அடித்துவிடுகிறான். கூட்டாளியின் பந்தை எப்போதாவது பறிப்பது சாமர்த்தியம்தான். ஒவ்வொரு பந்தையுமா? வலைக்கு அந்தப் பக்கம் நின்ற வெர்ன், "நாடீன், உக்கார ஒரு நாற்காலி போடச் சொல்லட்டுமா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். லோவெலும்தான்.

நவம்பர் 6
வசந்தத்தில் என் இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்துதான் இப்படி. வீட்டிலும் கையிலிருக்கும் வாணலியைப் பிடுங்குகிறான். கேட்டால், "நீ மறுபடி விழுந்தா நான் என்ன பண்றது?" என்கிறான். பயப்படுகிறான், தெரிகிறது. அதற்காக நான் மரமாக நிற்பதா?

நவம்பர் 11
லோவெல் பல் மருத்துவரிடம் போயிருந்தான். எங்களோடு ஆட வரும் டெல்ஃபீனுடன் ஜோடி சேர்ந்து ஆடினேன். நடுவில் வந்த பந்துக்கு அவள், "உன்னுது!" என்று கத்தினாள். ஓங்கி அடித்தேன், கோட்டைத் தாண்டி எங்கோ போனது. "விடு, அடுத்தத பாத்துக்கலாம்" என்றாள். தோற்றோம். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

நவம்பர் 12
சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். "என் பந்த எனக்கு விடு, லோவெல். தோத்தா தோத்துட்டுப் போறோம்."
தட்டைப் பார்த்தபடியே, "சரி, இனிமே தொடல" என்றான்.

நவம்பர் 15
தொடவில்லை. நடுவில் வந்ததைக்கூட. பந்து எங்கள் இருவருக்கும் இடையில் விழுந்து, துள்ளி, வேலி வரை உருண்டது.
"கத்தவாவது செஞ்சிருக்கலாமே?"
"எடுக்காதன்னு நீதானே சொன்னே."
இதையா நான் கேட்டேன்?

நவம்பர் 18
அரிசோனாவில் அதிசயமாக மழை. ஆட்டமில்லை. வீட்டில் பேச்சுமில்லை.

நவம்பர் 22, சனி
வேலியோரத்துச் சட்டத்தில் மட்டைகளைச் செருகித்தான் வரிசை பிடிப்போம். சேர்ந்து ஆடுகிறவர்களின் மட்டைகள் பக்கம் பக்கமாக இருக்கும். பல வருடங்களாக எங்களுடையவை அப்படித்தான். இன்று நான் காலணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வருவதற்குள், லோவெல் தன் மட்டையை வெர்னின் மட்டைக்குப் பக்கத்தில் செருகியிருந்தான். டெல்ஃபீனுடையதற்குப் பக்கத்தில் என்னுடையதை வைத்தேன்.

திரும்பும் வழியில், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்: "பந்து வந்துச்சா?"
"நெறைய வந்துச்சு. எல்லாத்தையும் நானே அடிச்சேன்."
"நல்லது."
வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு நேராக உள்ளே போய்விட்டான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல், நான் இறங்கக் கை நீட்டிக்கொண்டு நிற்பான். கதவைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினேன். விழவில்லை.