ஆறாவது மாடி காலி

மார்ச் 4

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். நீங்களும் தங்கையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போதே இதைப் பேச வாயெடுத்தேன். தங்கையின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். ஒரே கட்டடத்தில் நீங்கள் தரைத்தளத்தில் மேலாளராகவும் நான் ஆறாவது மாடியில் சட்ட அலுவலராகவும் இருந்துகொண்டு கடிதம் எழுதுவது உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். பதினெட்டு வருடம் கோப்புகளோடு உட்கார்ந்தவனுக்கு எழுதினால்தான் பேசிய மாதிரி இருக்கிறது.

வெள்ளிக்கிழமை நடந்த தீ ஒத்திகை பற்றியது இது. மணி அடித்தால் லிஃப்ட் நின்றுவிடும். ஆகவே விதிப்படி என் சக்கர நாற்காலியைப் படிக்கட்டு முகப்புக்கு உருட்டிச் சென்று, 'உதவி வரும்வரை இங்கே காத்திருக்கவும்' என்று நீங்கள் மாட்டியிருக்கும் பச்சைப் பலகைக்குக் கீழே நின்றேன். பின்னால் இரும்புக் கதவு தானாக மூடிக்கொண்டது. அதை என் பக்கம் இழுத்துத்தான் திறக்க வேண்டும். இழுத்தால் என் சக்கரத்திலேயே முட்டுகிறது. முப்பத்தைந்து நிமிடம் இருந்தேன். எல்லோரும் லிஃப்டில் திரும்பி வந்து பேசிச் சிரிப்பது கதவுக்கு அப்பால் கேட்டது. தட்டினேன், கேட்கவில்லை போலும். கடைசியில் துப்புரவு செய்யும் அம்மாதான் திறந்தார். "இன்னுமா சார் இங்க இருக்கீங்க? எல்லாரும் டீயே குடிச்சு முடிச்சாச்சே" என்றார்.

அன்று மாலையில் ஒத்திகைப் பதிவேட்டின் நகல் என் மேசைக்கு வந்தது. 'கட்டடத்தில் இருந்தோர் 212. வெளியேறியோர் 212.' கீழே உங்கள் கையெழுத்து. இரண்டாவது எண்ணை 211 என்று திருத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். இப்போதைக்கு அது போதும்.

அன்புடன்,
உங்கள் மச்சான்


மார்ச் 7

மச்சானுக்கு வணக்கம்.

உங்க கடிதம் கிடைச்சது. பிரிச்சதும் எனக்கே வக்கீல் நோட்டீஸ் வந்த மாதிரி இருந்துச்சு. உங்க தங்கச்சிகிட்ட காட்டல. காட்டினா ஒரு வாரத்துக்கு எனக்கு வீட்டுல சோறு கிடையாது.

ஆள் அனுப்ப மறந்தது என் தப்புதான், ஒத்துக்கிறேன். ஆனா பதிவேட்டு விஷயம் வேற. வாசல்ல நின்னு தலை எண்ணினப்ப ஒண்ணு குறைஞ்சது. யாருன்னு நான் தேடவே இல்ல. நீங்க எங்க இருப்பீங்கன்னுதான் எனக்குத் தெரியுமே மச்சான். காணாமப் போனவங்களைத்தானே தேடணும்? அதான் சேர்த்தே எழுதிட்டேன்.

இப்ப 211னு மாத்தினா, அந்த ஒருத்தர் எங்கன்னு மேலிடத்துல கேப்பாங்க. உங்களைப் படியில இறக்கிறதுக்குன்னு வாங்கின மடக்கு நாற்காலி ரெண்டு வருஷமா உறை பிரிக்காம ஸ்டோர் ரூம்ல கிடக்கறதும், அதை எப்படிப் பிடிக்கணும்னு ஒருத்தருக்கும் சொல்லித் தராததும் சேர்ந்து வெளிய வரும். எல்லாத்துக்கும் என் கையெழுத்துதான்.

ஒண்ணு செய்யலாமா? கீழ பழைய கோப்பு அறை சும்மாதான் கிடக்கு. வந்துடுங்களேன். நல்ல ஃபேனாப் பார்த்து மாட்டித் தர்றேன்.

இப்படிக்கு,
உங்க மாப்பிள்ளை


ஏப்ரல் 15

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கோப்பு அறை பற்றி யோசித்தேன். சட்டப் பிரிவு ஆறாவது மாடியில் இருக்கிறது. கூட்டங்கள் அங்கே நடக்கின்றன. கையெழுத்துக்கு வருவோர் அங்கேதான் வருகிறார்கள். நான் கீழே வந்தால் என் நாற்காலி என்னோடு வரும். வேலை வராது.

இப்போது எழுதும் காரணம் வேறு. எங்கள் மாடி நடைபாதையில் உள்ள மின்கம்பிப் பெட்டியிலிருந்து எட்டு நாட்களாகக் கருகல் வாசனை வருகிறது. எல்லா ஏசியும் ஓடும் பிற்பகல்களில் அதிகம். நீங்கள் அனுப்பிய எலக்ட்ரீஷியன் மூடியின்மேல் கை வைத்துப் பார்த்து, "வெயில் சூடு சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். என் நாற்காலியின் உயரத்துக்கு அந்தப் பெட்டி சரியாக முகத்துக்கு நேரே இருக்கிறது. நடந்து போகிறவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் என் பிரிவிலுள்ள மூன்று பேரும் தங்கள் மேசைகளை எதிர்ச்சுவர்ப் பக்கம் நகர்த்திக்கொண்டுவிட்டார்கள்.

பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். மடக்கு நாற்காலியை வெளியே எடுத்து, இரண்டு பேருக்குப் பயிற்சி கொடுங்கள். எந்தத் தேதிக்குள் என்று எழுதித் தெரிவித்தால் நிம்மதியாக இருப்பேன்.

அன்புடன்,
மச்சான்


ஏப்ரல் 19

மச்சானுக்கு,

உங்க தங்கச்சிக்கு ஏழாம் மாசம் பிறந்தாச்சு. கால் லேசா வீங்கியிருக்கு, மத்தபடி நல்லா இருக்கா. பேர் வைக்கிறது மாமா வேலைன்னு இப்பவே சொல்லிட்டிருக்கா.

அடுத்த மாசக் கடைசியில பாதுகாப்பு ஆய்வாளர் வர்றார். பெட்டி, பயிற்சி எல்லாம் அதுக்கப்புறம் பார்த்துக்கலாம்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க. அதுக்கு முன்னாடி உங்ககிட்ட இருந்து ஒரு கடிதம் வேணுமாம். 'என் சொந்த விருப்பத்தின்பேரில் ஆறாவது மாடியில் பணிபுரிகிறேன். ஆபத்துக் காலத்தில் எனக்கு நேரும் எதற்கும் நிர்வாகம் பொறுப்பல்ல.' இந்த மாதிரி. வார்த்தையெல்லாம் நீங்களே போட்டுக்கோங்க. இதுல உங்களை மிஞ்ச ஆள் யாரு? ஊருக்கே ஓட்டையில்லாம எழுதிக் கொடுக்கிறவர் நீங்க.

கோபப்படாதீங்க மச்சான். இந்த நேரத்துல என் வேலை போனா, உங்க தங்கச்சி நிலைமையைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. ஒரு காகிதம்தானே.

மாப்பிள்ளை


மே 22

மாப்பிள்ளைக்கு,

நேற்றுப் பகல் 11.40க்கு மணி அடித்தது. ஒத்திகை என்று அறிவிப்பு இல்லை. பெட்டியின் மூடி இடுக்கிலிருந்து புகை வந்து கூரையோரமாக ஊர்ந்துகொண்டிருந்தது. பலகைக்குக் கீழே போய் நின்றேன். என்னைத் தாண்டி இறங்கியவர்களில் நான்கு பேர், "ஆள் வருவாங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் பொய் சொன்னதாகச் சொல்ல மாட்டேன். பலகையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

11.46க்கு, இரண்டு மாடி கீழே உங்கள் குரல் கேட்டது. கூப்பிட்டேன். "தெரியும் மச்சான், அங்கயே இருங்க" என்றீர்கள். அடுத்து, கையிலிருந்த வாக்கி டாக்கியில், "ஆறாவது மாடி காலி" என்றீர்கள். இரண்டையும் ஒரே குரலில் சொன்னீர்கள். நடுவே மூச்சுகூட மாறவில்லை.

கதவின் அடியில் புகை வந்தது. சட்டையைக் கழற்றி அடைத்தேன். குனிந்து அடைப்பது எனக்கு எளிதல்ல. யாரோ மின்சாரத்தைத் துண்டித்ததால் நெருப்பு பெட்டியோடு நின்றது. 12.25க்குக் கதவைத் திறந்தவர் எலக்ட்ரீஷியன். நான் அங்கே இருப்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

நீங்கள் பயந்து ஓடியிருந்தால் நான் எதுவும் எழுதியிருக்க மாட்டேன். நீங்கள் ஓடவில்லை. வாசலில் நின்று நிதானமாக எண்ணினீர்கள் என்று கேள்விப்பட்டேன்.

நீங்கள் கேட்ட காகிதத்தை ஏப்ரலிலேயே எழுதி முடித்திருந்தேன், நான்கு வாக்கியங்களில், ஓட்டையில்லாமல். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. நேற்று அதைக் கிழித்துவிட்டேன். ஆய்வாளர் கேட்டால் நடந்ததைச் சொல்வேன். தங்கையிடம் சொல்ல மாட்டேன். பிரசவம் நல்லபடியாக முடியட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் இனி வர மாட்டேன். காரணத்தை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. அடுத்த முறை மணி அடித்தால் அந்தப் பலகைக்குக் கீழே போக மாட்டேன். மூடிய கதவுக்குப் பின்னால் இருப்பவனை எந்தக் கணக்கிலும் சேர்த்துவிடலாம். எங்கள் அறையில் வாசலைப் பார்த்த பெரிய சன்னல் ஒன்று இருக்கிறது. அதன் முன்னால் இருப்பேன். நீங்கள் கீழே நின்று என்னையும் சேர்த்து எழுதும்போது, அங்கே நிற்கிற அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
சட்ட அலுவலர்,
ஆறாவது மாடி.